குதிரைக்குக் காய்ச்சல், ஸ்லைடில் ‘ஒன்றும் இல்லை’: நம்பலாமா?

18 ஆகஸ்ட் 2025, உடுமலை வாசகர் கேட்டது

போன வருடம் அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய மார்வாரிப் பெட்டை, ஆறு வயது. மூன்று வாரமாகக் காய்ச்சல் வருகிறது, இரண்டு நாளில் தானாக இறங்குகிறது, மறுபடி வருகிறது. கொள்ளு தின்கிறது, ஆனாலும் இளைத்துக்கொண்டே போகிறது. நான்கு நாளாக அடிவயிற்றிலும் பின்னங்கால்களிலும் வீக்கம். இரண்டு முறை ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். இரண்டு முறையும் ‘ரத்த ஒட்டுண்ணி காணப்படவில்லை’ என்று தாள் வந்தது. அப்படியானால் இது வேறு நோயா? இல்லை டெஸ்டே சும்மாவா?

18 ஆகஸ்ட், இரவு

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ‘டாக்டர் சொன்னார்’ என்று பரப்புவீர்கள். நான் டாக்டர் இல்லை. இருபத்தாறு வருடம் ஒரு கால்நடை ஆய்வகத்தில் ஸ்லைடு பார்த்துப் பார்த்தே கண்ணாடி பவர் ஏறியவன். அப்பா காலத்திலிருந்து வீட்டில் குதிரை உண்டு. மருந்து, டோஸ் எதுவும் என்னிடம் கேட்காதீர்கள்.

தாளை மறுபடி படியுங்கள். ‘காணப்படவில்லை’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு சொட்டில், அன்றைக்கு, அவர் பார்த்த இடங்களில் கண்ணில் படவில்லை. அவ்வளவுதான் அர்த்தம்.

நம் ஊரில் குதிரை ரத்தத்தில் தேடுவது முக்கியமாக இரண்டு வகை. சிவப்பணுக்களுக்கு வெளியே நீந்துவது டிரிப்பனோசோமா இவான்சி. சர்ரா நோய் அதனால் வருவது, பரப்புவது கடிக்கிற பெரிய ஈ. சிவப்பணுவுக்குள்ளேயே குடியிருப்பவை தைலேரியா ஈக்வி, பபீசியா கபாலி என்று இரண்டு. அவற்றைக் கொண்டுவருவது உண்ணி. நீங்கள் சொல்கிற விட்டுவிட்டு வரும் காய்ச்சல், தின்றும் இளைப்பு, அடிவயிற்று வீக்கம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு சர்ரா மேல்தான் சந்தேகம் போகிறது.

ஒரு கேள்வி. ரத்தம் எடுத்த இரண்டு நாளும் காய்ச்சல் இருந்ததா?

19 ஆகஸ்ட், காலை

உடுமலைத் தம்பி பதில் போட்டிருக்கிறார். இரண்டு முறையும் காய்ச்சல் இறங்கிய பிறகுதான் எடுத்தார்களாம். காய்ச்சலில் குதிரை முரண்டு பிடித்ததால், கொஞ்சம் தெளியட்டும் என்று காத்திருந்தார்களாம். ரத்தம் எடுத்த குழாய் சட்டைப்பையில் இருந்தபடியே பஸ்ஸில் போய், ஆறு மணி நேரம் கழித்து ஆய்வகத்துக்குச் சேர்ந்ததாம்.

போச்சு போங்கள்.

சர்ராவில் பூச்சி (ஈயை இல்லை, டிரிப்பனோசோமாவைத்தான் சொல்கிறேன்) அலை அலையாக வரும். குதிரையின் உடம்பு அதன் மேல்சட்டையை அடையாளம் கண்டு அடித்து நொறுக்கும். தப்பிய சில வேறு சட்டை போட்டுக்கொண்டு பெருகும். அடுத்த காய்ச்சல் அதுதான். அலை இறங்கிய நாளில் எடுத்தால் ரத்தத்தில் மிகச் சிலதான் மிச்சம் இருக்கும். அந்தச் சிலவும் சட்டைப்பைச் சூட்டில் ஆறு மணி நேரம் கிடந்தால் செத்துக் கரைந்துவிடும். உயிரோடு நெளிந்தால்தான் ஈர ஸ்லைடில் கண்ணில் படும். செத்ததை யார் பார்ப்பது?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லி ரத்தத்தில் ஆயிரம் பூச்சி இருக்கிறது என்று வையுங்கள். ஸ்லைடில் வைக்கிற சின்னச் சொட்டு ஒரு மில்லியில் இருநூற்றில் ஒரு பங்கு. அதில் ஐந்து பூச்சி இருக்கும். அந்தச் சொட்டு கவர் கிளாஸுக்கு அடியில் பரவியபின், நாற்பது லென்ஸில் முழுசாகப் பார்க்க ஆயிரத்துக்கு மேல் இடம் நகர்த்த வேண்டும். நாளைக்கு அறுபது சாம்பிள் வருகிற இடத்தில் நூறு இடம் பார்த்தாலே பெரிய புண்ணியம். ஆய்வகத்தைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை, அந்த நாற்காலியில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன்.

19 ஆகஸ்ட், மதியம்

எப்படி எடுப்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

காலை, மாலை இரண்டு வேளையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து எழுதி வையுங்கள். குதிரைக்கு 101 பாரன்ஹீட் வரைக்கும் சாதாரணம். 103, 104 என்று ஏறத் தொடங்கும்போதே டாக்டரைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். கழுத்து நரம்பில் எடுத்து ஊதா மூடிக் குழாயில் (ரத்தம் உறையாமலிருக்க மருந்து போட்டது) பாதிக்கு மேல் நிரப்பி, எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது. குழாயை ஐஸ் பெட்டியில், ஆனால் ஐஸ் நேரடியாகத் தொடாமல் வையுங்கள்.

அதோடு அங்கேயே, லாயத்திலேயே, காது நுனியில் ஊசியால் குத்தி வரும் முதல் சொட்டை ஸ்லைடில் மெல்லிசாகத் தேய்த்து இரண்டு ஸ்மியர் இழுத்துக் காயவிடுங்கள். பபீசியா கபாலி பெரும்பாலும் நூறு சிவப்பணுவில் ஒன்றில்கூட இருக்காது. நுண்ணிய குழாய்களில் ஒதுங்குகிற பழக்கம் அதற்கு உண்டு. கழுத்து ரத்தத்தில் கிடைக்காதது காது ரத்தத்தில் கிடைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. குதிரை ரத்தம் மாட்டு ரத்தம் மாதிரி இல்லை. சிவப்பணுக்கள் காசு அடுக்கிய மாதிரி ஒட்டிக்கொண்டு மளமளவென்று அடியில் போய்விடும். கால் மணி நேரம் நிறுத்தி வைத்தாலே மேலே மஞ்சள் தண்ணீர், கீழே சிவப்புச் சேறு. மறுபடி கலக்காமல் மேலிருந்து ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் வைப்பவரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது நான்தான், முதல் வருடத்தில்.

20 ஆகஸ்ட்

தாராபுரத்திலிருந்து ஒருவர் போன் கேமராவை மைக்ரோஸ்கோப்பில் வைத்து எடுத்த வீடியோ அனுப்பியிருக்கிறார். ‘அண்ணா, சர்ரா உறுதி, பாம்பு மாதிரி நெளியுது பாருங்க.’

பார்த்தேன். அது சர்ரா இல்லை. அளவைப் பாருங்கள். டிரிப்பனோசோமா இருபத்தைந்து மைக்ரான் நீளம்தான், நான்கைந்து சிவப்பணுவை வரிசையாக வைத்தால் அவ்வளவு. இந்த வீடியோவில் இருப்பது திரையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் நீண்டு கிடக்கிறது. செட்டேரியா என்று வயிற்றறையில் வாழும் வெள்ளை நூல் புழு ஒன்று உண்டு. அதன் குஞ்சு இது, மைக்ரோபைலேரியா. ரத்தத்தில் இது இருந்தும் குதிரை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

சர்ராவை ஈர ஸ்லைடில் முதன்முறை பார்க்கிறவர்கள் பூச்சியைத் தேடாதீர்கள், சிவப்பணுக்களைப் பாருங்கள். அமைதியாகக் கிடக்கிற கூட்டத்தில் ஓர் இடத்தில் மட்டும் தள்ளுமுள்ளு நடக்கும். தேர்க் கூட்டத்தில் யாரோ குனிந்தபடி இடித்துக்கொண்டு போவது மாதிரி. அங்கே நிறுத்தி நோக்கினால் ஆள் தெரியும்.

20 ஆகஸ்ட், இரவு

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். விட்டுவிட்டுக் காய்ச்சல், ரத்தக் குறைவு, அடிவயிற்று வீக்கம் மூன்றும் வேறு ஒரு நோயிலும் வரும். குதிரைத் தொற்று ரத்தசோகை. அது வைரஸ். எத்தனை ஸ்லைடு பார்த்தாலும் தெரியாது. அதற்கு 1970 வாக்கில் வந்த காகின்ஸ் டெஸ்ட்தான், எதிர்ப்புப் பொருளைத் தேடுகிற ஜெல் டெஸ்ட். சர்ரா கிடைக்காமல் போனால் அதையும் கேளுங்கள். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

22 ஆகஸ்ட்

‘ஈறு மஞ்சளாக இருக்கிறது, அப்படியானால் தைலேரியாதானே?’ என்று கேட்டவருக்கு.

அவசரப்படாதீர்கள். குதிரை இரண்டு நாள் பட்டினி கிடந்தாலே ஈறும் கண்ணும் மஞ்சளாகும். ஈரல் பித்தத்தை வடிக்கிற விதம் அதற்கு அப்படி. வயிற்றுவலி, பல் கோளாறு, எதனால் தின்னாமல் விட்டாலும் மஞ்சள் வரும். நல்ல குதிரையின் ரத்தத் தெளிநீரே மாட்டினுடையதைவிட மஞ்சள்தான்.

ஈறு மஞ்சளோடு வெளிறியும் இருந்து, சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போனால் உள்ளே சிவப்பணு உடைகிறது என்று நினைக்கலாம். அப்போது காதுக்குள், வால் அடியில், பிடரி மயிருக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், உண்ணி தட்டுப்படும். தட்டுப்படாவிட்டாலும் நிம்மதி அடைய வேண்டாம். கடித்த உண்ணி விழுந்து போய் ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சலே தொடங்கும்.

23 ஆகஸ்ட்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

2011. எங்கள் அண்ணனின் பெட்டைக் குதிரை, செவலை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ஐப்பசி மழை முடிந்து ஈ மொய்க்கிற காலம். லேசாகக் காய்ச்சல், நடையில் ஒரு தள்ளாட்டம். அண்ணன் கூப்பிட்டார், நானே போய் ரத்தம் எடுத்தேன். குதிரை விடவில்லை. மூன்று பேர் பிடித்து, மேல் உதட்டில் கயிறு முறுக்கி, பத்து நிமிஷம் மல்லுக்கட்டி எடுத்தோம். ஆய்வகத்தில் பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்ற கணக்கு) பார்த்தேன், 34. குதிரைக்கு 32-க்கு மேல் இருந்தால் சரி. ஸ்மியரும் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ‘ரத்தம் நல்லா இருக்கு, சளிக் காய்ச்சலா இருக்கும்’ என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

ஐந்து நாள் கழித்து இன்னொருவர் விடியற்காலையில், குதிரை நின்றபடி தூங்கிக்கொண்டிருந்தபோது, சத்தமில்லாமல் எடுத்த ரத்தத்தில் பி.சி.வி. 21.

நடந்தது இதுதான். குதிரையின் மண்ணீரல் ஒரு சேமிப்புக் கிடங்கு. சிவப்பணுக்களில் கணிசமான பங்கு அங்கே கிடக்கும். பயந்தால், ஓடினால், மல்லுக்கட்டினால் மண்ணீரல் சுருங்கி அத்தனையையும் ரத்தத்தில் கொட்டும். பந்தயம் ஓடி முடித்த குதிரைக்கு 60-கூடக் காட்டும். அன்றைக்கு 34 என்று நான் படித்தது குதிரையின் ரத்த அளவை இல்லை, அதன் பயத்தை.

அப்புறம் சர்ரா என்று சந்தேகித்து மருந்து போட்டார்கள். பின்பக்கம் ஏற்கெனவே விழுந்திருந்தது. பூச்சி மூளைத் தண்டுவட நீருக்குள் போய்விட்டால் மருந்து அங்கே போதுமான அளவுக்குப் போய்ச் சேராது. கார்த்திகைக்கு முன்னால் போய்விட்டது. அண்ணன் என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

24 ஆகஸ்ட்

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. ‘அது விதி அண்ணா’ என்று எழுதியவருக்கு: விதி இல்லை, மண்ணீரல்.

26 ஆகஸ்ட்

உடுமலைத் தம்பி நேற்று இரவு 103.8 பார்த்துவிட்டு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்து ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, இந்த முறை பைக்கிலேயே கொண்டுபோயிருக்கிறார். நான் சொன்னபடி பஃபி கோட் கேட்டிருக்கிறார். கிடைத்துவிட்டது. சர்ராதான்.

பஃபி கோட் தெரியாதவர்களுக்கு: மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி, ஒரு முனையை அடைத்து, பி.சி.வி.க்குச் சுற்றுகிற அதே மெஷினில் ஐந்து நிமிஷம் சுற்றுவார்கள். சிவப்பு அடியில், தெளிநீர் மேலே, நடுவில் சோற்றுக்கஞ்சி ஆடை மாதிரி வெள்ளையாக ஒரு மெல்லிய வளையம். டிரிப்பனோசோமா எடை குறைவு என்பதால் அந்த வளையத்துக்குச் சற்று மேலே கூடி நின்று ஆடும். குழாயை உடைக்காமல் அப்படியே மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் படுக்க வைத்துப் பத்து லென்ஸில் பார்க்கலாம். முன்னே சொன்ன கணக்குதான். மில்லிக்கு ஆயிரம் இருந்தால் சொட்டில் ஐந்து, இந்தக் குழாயில் அறுபது எழுபது, அதுவும் ஒரே இடத்தில். வெறும் பி.சி.வி. பார்க்கிற இடத்தில் இதைப் பார்க்கக் கூடுதலாக ஒரு பைசா செலவில்லை. தூக்கிப் போடுகிற குழாயை இரண்டு நிமிஷம் பார்த்தால் போதும். ஏன் எல்லா இடத்திலும் பார்ப்பதில்லை என்று கேட்டால், கேட்டால்தான் பார்ப்பார்கள்.

27 ஆகஸ்ட்

‘என் குதிரைமேல் ஒரு உண்ணி இல்லை, எப்படி வந்தது?’ என்று தம்பி கேட்கிறார்.

ஈ. சர்ராவுக்கு உண்ணி தேவையே இல்லை. பெரிய கடிஈ வலிக்கிற மாதிரி கடிக்கும். குதிரை உதறும், வாலால் அடிக்கும். பாதி குடித்த ஈ பக்கத்தில் நிற்கிற அடுத்த பிராணிமேல் போய் மிச்சத்தைக் குடிக்கும். வாயில் ஒட்டிய ஈர ரத்தத்தோடு பூச்சியும் போகும். அதனால் பக்கத்தில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். எருமையும் மாடும் வெளியே எதுவும் காட்டாமல் மாதக்கணக்கில் பூச்சியை வைத்திருக்கும். சந்தைக்கு ஒட்டகம் வந்திருந்தால் அதையும் சேருங்கள்.

அப்புறம் ஊசி. ஒரே ஊசியால் வரிசையாக எட்டுக் குதிரைக்குப் போடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த ஊசி ஈயைவிட மோசம். தைலேரியாவும் இப்படிப் பரவும். அமெரிக்காவில் பந்தயக் குதிரைகளிடையே ஊசி வழியாகவே பரவியது தெரியவந்து பெரிய ரகளை ஆனது.

30 ஆகஸ்ட்

கொஞ்சம் கதை. மழை, கரண்ட் இல்லை, போனில் தட்டுகிறேன்.

இந்தப் பூச்சிக்கு ‘இவான்சி’ என்ற பெயர் கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவரால் வந்தது, வேல்ஸ்காரர். 1880-இல் தேரா இஸ்மாயில் கானில் (அப்போது பஞ்சாப், இப்போது பாகிஸ்தான்) படைக் குதிரைகளும் ஒட்டகங்களும் செத்து விழுந்தபோது போய், ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, இதுதான் காரணம் என்றார். நோயுண்டாக்கும் டிரிப்பனோசோமாவை முதலில் கண்டுபிடித்தது அவர்தான். மேலே இருந்தவர்கள் நம்பவில்லை. ஏன் தெரியுமா? அதற்குச் சற்று முன்னால் கல்கத்தாவில் டிமதி லூயிஸ் என்பவர் நல்ல ஆரோக்கியமான எலிகளின் ரத்தத்தில் இதே மாதிரி பூச்சியைப் பார்த்து எழுதியிருந்தார். எலிக்கு ஒன்றும் செய்யாதது குதிரையை எப்படிக் கொல்லும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது, பதில்தான் தவறு. எவன்ஸ் நூறு வயது வாழ்ந்து 1935-இல் இறந்தார். தான் சொன்னது சரி என்று உலகம் ஒப்புக்கொள்வதை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

4 செப்டம்பர்

இப்போது உள்ளே குடியிருக்கிற வகை. ஒருவர் ஸ்லைடுப் படம் போட்டு ‘சிவப்பணுவுக்குள் நீலப் புள்ளி, தைலேரியா’ என்கிறார்.

பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வோர் அணுவிலும் ஒரே ஒரு புள்ளி, உருண்டை, கருநீலம், விளிம்பு கூர்மை. இது ஹோவெல் ஜாலி. அணுக்கருவின் மிச்சம். குதிரைக்கு நல்ல நாளிலேயே இது இருக்கும். தைலேரியாவுக்கு இரண்டு நிறம் தெரிய வேண்டும், வெளிர் நீல உடம்பு, அதன் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. நான்கு பேர் தலை சேர்த்துச் சிலுவை மாதிரி நின்றால் தைலேரியா ஈக்வி என்று துணிந்து சொல்லலாம். இரண்டு பேரிக்காய் காம்போடு காம்பு ஒட்டித் தொங்கினால் பபீசியா கபாலி.

அந்தப் படத்தின் மற்ற புள்ளிகள் அணுவுக்கு வெளியேயும் இருக்கின்றன. அவை சாயக் கசடு. நுண்குமிழை மேலும் கீழும் திருகிப் பாருங்கள். கசடு அணுவுக்கு மேல் வேறு தளத்தில் மினுங்கும். சாயத்தைக் கழுவ போர் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீருக்கு லீஷ்மேன் சாயம் கடுகு தாளித்த மாதிரிதான் இருக்கும். பி.எச். 7.2 வைத்த பஃபர் தண்ணீர் வேண்டும்.

நானும் ஒரு முறை தட்டணு ஒன்று சிவப்பணுமேல் படுத்திருந்ததைப் பார்த்து ‘பாசிட்டிவ்’ என்று எழுதி, சீனியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

5 செப்டம்பர்

விட்டுப் போனது: மாட்டுக்கும் நாய்க்கும் ரத்தம் உடைந்தால் சில நாளில் இளம் அணுக்கள் ரத்தத்தில் வந்து, உற்பத்தி நடக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். குதிரையின் எலும்பு மஜ்ஜை இளம் அணுவை வெளியே விடாது. எனவே ‘இளம் அணு இல்லை, அதனால் உடையவில்லை’ என்று குதிரை ரிப்போர்ட்டில் யாராவது எழுதியிருந்தால் நம்ப வேண்டாம்.

15 செப்டம்பர்

கோவையிலிருந்து ஒருவர். அவர் குதிரைக்கு எந்த நோயும் இல்லை. விற்பதற்காக எலைசா எடுத்தார், தைலேரியா ஈக்வி பாசிட்டிவ். வாங்குகிறவர் பின்வாங்கிவிட்டார். ஸ்மியரில் ஒன்றும் இல்லை. எதை நம்புவது?

இரண்டும் சரி. இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான பதில். ஸ்மியர் ‘இப்போது கண்ணுக்குத் தெரிகிற அளவு பூச்சி உண்டா’ என்று கேட்கிறது. எலைசா ‘இந்த உடம்பு எப்போதாவது இந்தப் பூச்சியோடு சண்டை போட்டிருக்கிறதா’ என்று கேட்கிறது. தைலேரியா ஈக்வி ஒரு முறை வந்தால் ஆயுள் முழுக்கப் போகாது. குதிரை தெளிந்துவிடும், பூச்சி ஸ்மியரில் தெரியாத அளவுக்கு ரத்தத்தில் தங்கிவிடும். பபீசியா கபாலி அப்படி இல்லை, சில வருடங்களில் தானே தீர்ந்துவிடும். இந்தியாவில் நோயே இல்லாமல் பாசிட்டிவ் காட்டுகிற குதிரைகள் ஏராளம்.

நடுவில் பி.சி.ஆர். இருக்கிறது, பூச்சியின் மரபுப்பொருளைத் தேடுவது. ஸ்மியரைவிடப் பல மடங்கு கூர்மை. ஆனாலும் அதுவும் ஒரு சொட்டைத்தான் பார்க்கிறது. அந்தச் சொட்டில் பூச்சி இல்லையென்றால் அதுவும் கைவிரிக்கும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் எலைசாவோ ஐ.எஃப்.ஏ. டெஸ்டோதான் (ஒளிரும் சாயம் வைத்து எதிர்ப்புப் பொருளைத் தேடுவது) கேட்பார்கள். முன்னால் காம்ப்ளிமென்ட் ஃபிக்சேஷன் என்று ஒரு டெஸ்ட் இருந்தது, பழைய தொற்றைத் தவறவிடும். அமெரிக்கா 2005-இல் அதை மாற்றி எலைசாவுக்கு வந்தது. அப்படி முன்னால் ‘சுத்தம்’ என்று நுழைந்த குதிரைகளில் எத்தனை கேரியரோ. 2009-இல் டெக்சாஸில் ஒரே பண்ணையில் நானூறுக்கு மேற்பட்ட குதிரைகள் பாசிட்டிவ் ஆயின.

16 செப்டம்பர்

‘ஆயுள் முழுக்கப் போகாது’ என்று நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். தானாகப் போகாது என்று எழுதியிருக்க வேண்டும். அந்த டெக்சாஸ் குதிரைகளுக்கு இமிடோகார்ப் என்ற மருந்தை அதிக அளவில் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பெரும்பாலானவற்றில் பூச்சியை ஒழித்தே காட்டினார்கள். அந்த அளவு மருந்தில் குதிரைக்கு வயிற்றுவலியும் எச்சில் ஒழுக்கும் வரும், ஈரலும் சிறுநீரகமும் தாங்க வேண்டும். நம் ஊரில் உண்ணி இருக்கிறவரைக்கும் ஒழித்த மறுமாதம் மறுபடி வரும். கோவை நண்பர் அதற்கு ஆசைப்பட வேண்டாம்.

பாசிட்டிவ் தாயின் குட்டிக்கு மூன்று நான்கு மாதத்துக்குள் எலைசா எடுக்காதீர்கள். சீம்பாலில் வந்த தாயின் எதிர்ப்புப் பொருளைக் காட்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2018-இல் தைலேரியா ஹானேயி என்று இன்னொரு பூச்சியைத் தனியாகப் பிரித்தார்கள். வழக்கமான தைலேரியா எலைசா ஈ.எம்.ஏ. 1 என்ற புரதத்தை வைத்துத்தான் தேடுகிறது. ஹானேயியிடம் அந்தப் புரதமே கிடையாது.

18 செப்டம்பர்

ஜூலையில் வந்த செய்தியை ஒருவர் நினைவுபடுத்தினார். மீரட்டில் ராணுவக் கால்நடைப் படையின் இடத்தை உலகக் கால்நடை சுகாதார அமைப்பு குதிரை நோயற்ற வளாகம் என்று அங்கீகரித்திருக்கிறது. பட்டியலில் சர்ராவும் பைரோபிளாஸ்மோசிஸும் (தைலேரியா, பபீசியாவால் வருகிற நோய்) உண்டு. வேலிக்குள் அவ்வளவு கட்டுப்பாட்டோடு வைத்தால் முடிகிறது. நம் லாயத்துக்கு அடுத்தாற்போல் எருமைக் கொட்டகை.

2 அக்டோபர்

சர்ரா மனிதருக்குத் தொற்றுமா? தொற்றாது என்றுதான் நாங்கள் படித்தோம். நம் ரத்தத்தில் உள்ள ஒரு புரதம் இந்தப் பூச்சியை உடைத்துவிடும். ஆனால் 2004-இல் மகாராஷ்டிரத்தில் ஒரு விவசாயிக்கு வந்தது, மறு வருடம் அதைப் பற்றி எழுதினார்கள். அவருக்குப் பிறவியிலேயே அந்தப் புரதம் வேலை செய்யவில்லை. மருந்தில் பிழைத்துக்கொண்டார். பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் குதிரை ரத்தத்தைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். நான் தொட்டேன், இருபது வருடம்.

20 அக்டோபர், தீபாவளி

உடுமலைப் பெட்டை கழுத்தில் மாலையோடு நிற்கிற படம் வந்திருக்கிறது. வீக்கம் வடிந்துவிட்டது. விடியற்காலையில், அமைதியாக எடுத்த பி.சி.வி. 33. தம்பி ‘எதிர்ப்புப் பொருள் டெஸ்ட் இன்னும் பாசிட்டிவ் காட்டுகிறதே, மருந்து வேலை செய்யவில்லையா’ என்கிறார். அந்த டெஸ்ட் பூச்சி போன பிறகும் மாதக்கணக்கில் அப்படித்தான் காட்டும். அதை வைத்து மறுபடி ஊசி போடச் சொல்லாதீர்கள். காய்ச்சல் எழுதுகிற நோட்டை மட்டும் நிறுத்த வேண்டாம், வாரம் ஒரு முறை பஃபி கோட். மூன்று மாதத்துக்குக் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அப்போது பேசலாம்.

9 நவம்பர்

ஓய்வு பெற்றபோது வீட்டுக்குக் கொண்டுவந்த ஸ்லைடுப் பெட்டியை இந்த இழையில் எழுதிய சூட்டில் கீழே இறக்கினேன். சாயம் வெளிறியிருக்கும் என்று நினைத்தேன், இருட்டில் கிடந்ததால் பாதிக்குமேல் நன்றாகவே இருக்கின்றன. 2011 அடுக்கில் அண்ணன் குதிரையின் முதல் ஸ்மியரும் இருந்தது. என் கையெழுத்தில் தேதி, பக்கத்தில் ‘நெ’, நெகட்டிவ்.

எண்ணெய் விட்டு நூறு லென்ஸில் வைத்தேன். நடுப்பகுதியில் ஒன்றும் இல்லை. அன்றைக்கும் நடுவில்தான் பார்த்திருப்பேன், அணுக்கள் அங்கேதான் ஒழுங்காகப் பரவியிருக்கும், பார்க்க அழகாக இருக்கும். ஸ்மியர் இழுக்கும்போது நீளமானவை வாலுக்கும் ஓரத்துக்கும் அடித்துக்கொண்டு போகப்படும் என்று எத்தனையோ பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வால் முனைக்கு வந்தேன். நாற்பது நிமிஷம் ஆயிற்று.

ஒன்று இருக்கிறது. நடுவில் கரு, பின் நுனியில் சின்னப் பொட்டு, அலையடிக்கிற சவ்வு, முன்னால் சாட்டை. பாடப்புத்தகத்தில் போடலாம்.

ஆக மண்ணீரலை மட்டும் குற்றம் சொல்லி 23 ஆகஸ்ட் அன்று எழுதியது முழு உண்மை இல்லை. ஸ்லைடு அன்றைக்கே சொல்லியிருக்கிறது.

அண்ணன் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். மாலை டீக்கு வருவார். ஸ்லைடை எண்ணெய் துடைத்து மறுபடி பெட்டியில் வைத்துவிட்டேன். இன்னும் சொல்லவில்லை.